முடிவில்லாத திரையும் நேரம் குறித்த தொழுகையும்

 

நமக்கு நேர்ந்த ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம். ஓர் இரவு இஷா முடிந்து, இராயபுரத்தில் நம் அறையில் கைப்பேசியில் மார்க்கப் பயான் ஒன்றைக் கேட்க உட்கார்ந்தோம். நல்ல பயான்தான். அது முடிந்ததும், நாம் கேளாமலே அடுத்தது தொடங்கிற்று, அதன்பின் இன்னொன்று. எப்போது உறங்கினோம் என்பதே தெரியாது. மோதினார் கதவைத் தட்டியபோது சுபுஹு ஜமாஅத் முடிந்திருந்தது. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த பெரியவர் ஒருவர் முன்னின்று தொழவைத்திருக்கிறார். இரவெல்லாம் உழைத்தவர் பள்ளியில் நின்றார்; மார்க்கம் கேட்பதாக விழித்திருந்த இமாமாகிய நாமோ பாயில் கிடந்தோம்!

சிந்தித்துப் பாருங்கள். நாம் கேட்டது ஹராமன்று. பின் குற்றம் எங்கே இருக்கிறது?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. அப்போது ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அக்கம்பக்கத்தார் கூடிப் பார்ப்பார்கள். இரவில் நிகழ்ச்சிகள் முடிந்ததும் திரை ஓய்ந்துவிடும் என்று திருவொற்றியூர் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலிகள் இருந்தன. ஒன்று, முடியும் நேரம். மற்றொன்று, பக்கத்தில் இருப்பவரின் கண்.

1993-இல் சன் டி.வி. வந்தது. நாளடைவில் கேபிள் வழியே 24 மணி நேர ஒளிபரப்பு பழகிப்போயிற்று; முதல் வேலி விழுந்தது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. திரை ஆளுக்கொன்றானது, இரண்டாம் வேலியும் விழுந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலுக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஓட்டுநர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனித் திரை!

ரேமண்ட் வில்லியம்ஸ் என்ற அறிஞர், ஒரு வாரக் கப்பற் பயணத்துக்குப் பின் அமெரிக்காவின் மியாமி நகரில் தொலைக்காட்சி பார்த்தார். படம், விளம்பரம், வரப்போகும் படங்களின் முன்னோட்டம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடுவதைக் கண்டு வியந்தார். தொலைக்காட்சியின் இயல்பே தனித்தனி நிகழ்ச்சியன்று, இடையறாத ஓட்டம்தான் என்று 1974-இல் எழுதினார். அன்று அந்த ஓட்டம் ஊருக்கெல்லாம் ஒன்றாக இருந்தது. இன்று நாம் எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்டுகிறது கணினி. நாம் எழுந்து போகாமலிருப்பதே அந்த வியாபாரத்தின் இலாபம்.

ஆகவே, என்ன பார்க்கிறோம் என்று மட்டும் கேட்டால் போதாது. எப்போது எழுந்திருப்போம் என்றும் கேட்க வேண்டும். திரை, “எந்நேரமும் பார்; தனியாகப் பார்” என்கிறது. தொழுகையையோ அல்லாஹ் நேரம் குறித்துக் கடமையாக்கினான். ஜமாஅத்தாகத் தொழ நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். விழுந்துவிட்ட இரண்டு வேலிகளும் பாங்கோசையில் இன்னும் நிற்கின்றன!

கைப்பேசியை வீசி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதன் வழியே குர்ஆன் ஓதக் கற்கும் தாய்மார்களும், தூர தேசத்திலிருந்து பிள்ளையின் முகம் பார்க்கும் தகப்பன்மார்களும் உண்டு. பார்க்கத் தொடங்குமுன் எதுவரை என்று நிய்யத் செய்யுங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஆதலால் அந்நேரம் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் நாம் செய்து காட்டுவோம்.

அன்று சுபுஹுக்குப் பின் அந்தப் பெரியவரிடம் வெட்கத்தோடு நின்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “நாளைக்கு நீங்க தொழவைங்க, ஹஜ்ரத்” என்றார். அந்த ஒரு சொல் பத்துப் பயானுக்குச் சமமாக இருந்தது.

ஆயுளை எதில் கழித்தாய் என்று கேட்கப்படும் அந்நாளில் தலைகுனியாமல் நிற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.