எழுத்தின் ஒருமை

வட்டம் ஒன்று, நடுவே செங்குத்தாக ஒரு கோடு. மொராக்கோவில் திஃபினாக் எழுத்தில் அமாசிக் மொழி படிக்கும் பிள்ளைகள் இதை ஹகரமாக ஒலிக்கிறார்கள். சஹாராவின் துவாரெக் மக்களுக்கோ இது பகரம்; அவர்களுடைய ஹகரம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நான்கு புள்ளிகள். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் ஒதுக்கும் தரமான யூனிகோடின் 4.1 பதிப்பில், 2005இல், திஃபினாக் இடம்பெற்றபோது, இந்த வடிவத்துக்கு 11584 என்ற ஒரே எண் கிடைத்தது. பெயர் மொராக்கோ வழக்கின்படி ‘யாஹ்’. ‘துவாரெக் யாப்’ என்பது துணைப்பெயராக அடியில் நிற்கிறது. இங்கே இருப்பது ஓர் எழுத்தா, இரண்டா? கணினிக்காரர்களின் கேள்விபோலத் தோன்றும் இது, ஒரு பொருளை அதே பொருள் என்று நாம் அறிவது எதனால் என்ற பழைய தத்துவக் கேள்விதான்.

இந்தியத் தத்துவ மரபில் மீமாம்சகர்கள் வருணம், அதாவது எழுத்தொலி, நித்தியமானது என்றார்கள். யார் எத்தனை முறை ககரத்தை உச்சரித்தாலும் ‘இது அதே ககரம்’ என்று கேட்பவர் அறிகிறாரே, அதுவே அவர்கள் காட்டிய சான்று. ஒலி தோன்றி அழிவது, ‘அதே’ என்பது ஒப்புமையால் வரும் எண்ணம் என்று நையாயிகர்கள் மறுத்தார்கள். எவ்வளவு மோதினாலும் இரு தரப்பும் எழுத்தை ஒலியிலேயே தேடின. அந்த அளவுகோலின்படி நம் வட்டம் இரண்டு எழுத்துகள். வடிவமே எழுத்து என்று கொண்டால் ஒன்று. யூனிகோடு வடிவத்தின் பக்கம் நின்றதாகத்தான் முதலில் படுகிறது. ஏனெனில் தொண்டையில் உரசி எழும் ககர ஒலிக்கு வட்டாரந்தோறும் வெவ்வேறு வடிவம் இருப்பதால், 11606, 11607, 11608 என மூன்று எண்களை அது ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதே யூனிகோடு, கண்ணுக்கு வேறுபாடே தெரியாத லத்தீன், கிரேக்க, சிரில்லிக் ‘ஆ’ எழுத்துகளுக்கு 65, 913, 1040 என்று தனித்தனி எண் தருகிறது. ஆகவே வடிவமும் கடைசி நீதிபதி அல்ல. எந்த எழுத்து மரபைச் சேர்ந்தது என்பதே முதலில் கேட்கப்படுகிறது. ஒலியும் வடிவமும் அந்த மரபுக்குள்தான் பொருள் பெறுகின்றன. எழுத்தின் ஒருமை ஓர் உறவு என்பதே என் வாதம்.

உறவு என்றால் மனிதர் விருப்பம்போல் வைத்துக்கொண்ட ஏற்பாடுதானே என்று கேட்கலாம். இல்லை, உறவுக்கும் சான்று வேண்டும், இங்கே அது உண்டு. துனிசியாவின் துக்காவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பியூனிக் மொழியோடு சேர்த்துக் கல்லில் வெட்டப்பட்ட லிபிய எழுத்து இம்மரபின் மூத்த தலைமுறை. வடக்கே அது வழக்கொழிந்தது; துவாரெக் மக்கள் கைவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் பாரிஸில் தோன்றிய பெர்பர் (அமாசிக்) அகாடமி அவர்களிடமிருந்தே எடுத்துப் புதிய திஃபினாக்கை உருவாக்கியது. மொராக்கோ அதைச் சீர்செய்து 2003இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. இந்த வம்சாவழியைப் பார்த்தவர்கள் ஒரே எண் கொடுத்தது சரி.

இன்னொரு மறுப்பு வலுவானது. ‘யாஹ்’ என்ற பெயரை நம்பி ஒலிபெயர்க்கும் மென்பொருள் துவாரெக் பகரத்தையெல்லாம் ஹகரமாக்கிவிடுமே? ஆக்கிவிடும். ஆனால் அதற்காக எழுத்தைப் பிளக்க வேண்டியதில்லை. லத்தீன் ‘ஜே’ ஆங்கிலத்தில் ஜகரமாகவும் ஸ்பானியத்தில் ஹகரம்போலவும் ஒலிக்கிறது. எண் ஒன்றுதான், எந்த மொழி என்று தெரிந்தால் போதும். குறை பெயரில் இருக்கிறது. எழுத்தைக் காத்துத் தந்தவர்களின் ஒலி துணைப்பெயராகவும், அவர்களிடமிருந்து பெற்றவர்களின் ஒலி தலைப்பெயராகவும் ஆனது நியாயமில்லை. யூனிகோடு தன் விதிப்படி ஒருமுறை சூட்டிய பெயரை மாற்றாது. ஆனால் அகரவரிசை, தேடல், ஒலிபெயர்ப்பு ஆகியவற்றை மொழிக்கு மொழி தனியே அமைக்க அது இடம் தருகிறது. துவாரெக் மொழிக்கு அந்த வேலையைச் செய்துதர மென்பொருள் எழுதுவோர் கடமைப்பட்டிருக்கிறார்கள்.