கடலில் ஓய்வு

மத்தியதரைக் கடலில் கோடை தொடங்கிவிட்டால், பாய்மரப் படகுகளை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுவது அங்குள்ள வழக்கம். பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடியும் ஏற்பாடு அது. மால்டாத் தீவைச் சுற்றி வர விரும்புவோர்க்கு அந்த ஏழு நாள் தாராளம். தீவின் பரப்பு ஏறத்தாழ 246 சதுர கிலோமீட்டர்தான். வடமேற்கே கோசோ, இடையில் கொமினோ என்னும் சின்னஞ்சிறு தீவு. காற்று இசைந்தால் பாயை விரிப்பார்கள். இசையாவிட்டால் இயந்திரத்தை முடுக்குவார்கள். நண்பகலில் ஏதேனும் ஒரு குடாவில் நங்கூரமிட்டு நீந்துவார்கள். மறுநாள் வேறொரு குடா.

அத்தீவின் தென்கிழக்கில் மார்சஷ்லொக் என்றொரு மீனவர் ஊர் உண்டு. அவ்வூர்ப் படகுகளின் முகப்பில் இரு கண்கள் தீட்டப்பட்டிருக்கும். அப்படகுகளைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி அரிது. அதே குடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் ஒன்றும் மின்நிலையம் ஒன்றும் எழுந்து நிற்கின்றன. எண்ணூரை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஒரே நீர்ப்பரப்பு ஒருவனுக்கு விடுமுறை, இன்னொருவனுக்குப் பிழைப்பு, வேறொருவனுக்குக் கழிவுநீர் விடும் இடம்.

இத்தகைய பயணங்களைப் பற்றிக் கேட்கையில் நம்மவர் சிலர் ஏங்குவர். சிலர் முகம் சுளிப்பர். உலகில் இத்தனை பேர் பசித்திருக்க, ஒரு வாரம் காற்று வாங்கிக் கடலில் திரிவது பாவமன்றோ என்பது இவர்களின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும், இது அவசரத் தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். உடலையும் உள்ளத்தையும் கடற்காற்றில் ஆற்றிக்கொள்வதில் தீமை ஏதுமில்லை. தீமை வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

அதே கடலில், அதே தீவை நோக்கி, விரும்பாமலே சென்றவர் புனித பவுல். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கப்பலொன்றில் ஏற்றப்பட்டார். அதில் இருந்தோர் 276 பேர். கிரேத்துத் தீவின் தென்கரையிலேயே குளிர்காலத்தைக் கழிக்குமாறு அவர் சொன்ன யோசனை எடுபடவில்லை. வாடைக்காற்றில் சிக்கிய கப்பல் 14 நாட்கள் அலைக்கழிந்தது. கரை நெருங்குவதை உணர்ந்த மாலுமிகள், முன்புறம் நங்கூரம் இறக்குவதுபோல் பாசாங்கு செய்து சிறு படகில் தப்ப முயன்றனர். அப்போது பவுல் நூற்றுவர் தலைவரை நோக்கி, இவர்கள் கப்பலில் இல்லையேல் நீங்கள் பிழைக்க இயலாது என்ற பொருளில் எச்சரித்தார். படைவீரர் படகின் கயிற்றை அறுத்துவிட்டனர். பின்னர் அவர் அனைவரையும் உண்ணும்படி வேண்டினார். பயணிகளை மட்டுமன்று, தப்பியோட முயன்ற மாலுமிகளையும் சேர்த்துத்தான்.

திருத்தூதர் பணிகள் நூலில் இப்பகுதியைப் படிப்போர் பாம்பு கடித்த அற்புதத்திலும் மால்டா மக்களின் விருந்தோம்பலிலும் மனம் செலுத்துவது இயல்பே. எனக்கோ இந்த மாலுமிகளின் செய்திதான் பெரிதாகப் படுகிறது. பயணியின் உயிரும் தொழிலாளியின் உயிரும் ஒரே பலகையின்மேல் இருப்பதை அந்தக் கைதி கண்டுகொண்டார்.

நம் சென்னையின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை, கப்பல்கள் கரைக்கு அப்பால் நிற்க, மனிதரும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில்தான் அலை கடந்து வந்தாக வேண்டும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அப்படகுகளை ஓட்டியவர்கள் தங்கள் உழைப்பின் பணத்தில் எழுப்பிய கோவில் இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். எத்தனையோ சீமான்களின் கடற்பயணம் இவர்கள் தோள்களில்தான் தொடங்கியது, முடிந்தது. அவர்கள் கடலைக் காண ஒரு நாளேனும் கடலுக்குப் போயிருப்பார்களா?

பிற்காலத்தில் பொழுதுபோக்கும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது. துறைமுகத்திற்குள்ளேயே பாய்ப்படகு ஓட்ட 1911-இல் ஒரு சங்கம் தோன்றியது; இராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அதற்குப் பெயர். அதற்கும் முன்பே நகரத்து ஐரோப்பியர் காற்று வாங்க எண்ணூர்க் கழிமுகத்திற்கு வந்து போனார்கள். எண்ணூர் ஓய்வுக்கான ஊராக இருந்தது என்று இன்று சொன்னால், அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் துடைத்தபடியே நம்மைப் பார்த்து நகைப்பார்கள்!

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அந்த வாயை ஒட்டியதுதான் முகத்துவாரக்குப்பம். ஆற்றிலும் தொழில் உண்டு, கடலிலும் உண்டு. இறால், நண்டு, மடவை என்று ஆறு கொடுக்கும். கடல் சீறும் நாளில் ஆறு கைகொடுக்கும். கடலோடிகள் காற்றை வெறுங்காற்று என்று சொல்வதில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் சொல்லி அழைப்பார்கள். பிழைப்பிற்காக மட்டும் பழகியவன் இத்தனை நுட்பமாகப் பெயரிடுவானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீனவர் வாழ்வைக் கண்ணீராகவே எழுதிப் பழகிவிட்டோம். கடலின்மேல் அவனுக்கிருக்கும் களிப்பை நாம் எழுதுவதில்லை. பாடு நன்றாக அமைந்த நாளில் படகில் எழும் கேலியும், ஆற்று வாயில் நீந்தும் சிறுவரின் கூச்சலும் மால்டாவின் குடாக்களில் கேட்கும் சிரிப்பினும் எவ்விதத்திலும் தாழ்ந்தவை அல்ல.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. வாளிகளைக் கொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் இறங்கியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. முகத்துவாரக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மீனவர், தம் படகுகளிலேயே சென்று, போதிய காப்புக் கவசமின்றி அந்தக் கரிய பிசினை அள்ளினார்கள். ஒரு வாரமா, அதற்கும் மேலா! அவர்களும் நீரின்மேல்தான் இருந்தார்கள், மீன் பிடிக்கவில்லை, வேறு தொழிலும் இல்லை. அதை விடுமுறை என்பாரும் உண்டோ?

ஓய்வுக்கும் வேலையின்மைக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. ஓய்வு என்பது, திரும்பிச் செல்ல ஒரு தொழில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு உடலைக் கிடத்துவது. அந்த நம்பிக்கை பறிபோனவனுக்குக் கை சும்மா இருப்பதே பெரும் உழைப்பு. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடல் தொழிலாளியின் கூலியைப் பேசியதோடு நில்லாமல் அவனுடைய ஓய்வையும் பேசியது. நம் நாட்டில் மீன்களுக்குக்கூட ஓய்வு உண்டு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது.

முதலில் சோறு, பிறகல்லவா விளையாட்டு என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்தவனிடம் கடற்காற்றின் இனிமையைப் பேசுவது கொடுமை. ஆயினும் சோற்றை மட்டும் கணக்கிடும் இரக்கத்திலும் ஓர் ஏளனம் கலந்திருக்கிறது. உனக்கு இவ்வளவு போதும் என்று அது சொல்லாமல் சொல்கிறது. மால்டாவைச் சுற்றி வருபவனிடம், நீந்தித்தான் ஆக வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. அவன் மகிழ்ச்சிக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை; எண்ணூர்ச் சிறுவன் மட்டும் தன் ஆற்றைத் திரும்பக் கேட்க, அதில் எத்தனை கிலோ இறால் கிடைக்கும் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த டிசம்பரில் அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். சேதமுற்ற படகுக்கு 10,000 ரூபாய். போதுமா, போதாதா என்ற விவாதம் நடந்தது, நடக்க வேண்டியதுதான். நாள் வருமானம், வலை, படகு என எல்லாவற்றுக்கும் ஒரு தொகை எழுத முடிந்தது. மாலையில் தொழில் முடிந்து வந்தவன் காரணம் ஏதுமின்றிக் கழிமுகத்தில் இறங்கி ஒரு முறை மூழ்கி எழுவதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.