கடைசி நாலு கிலோமீட்டர்



சர்க்கரை வியாதிக்காக நடக்க ஆரம்பித்த நான், பிறகு ஓடப் பழகி, போன வருஷம் மாரத்தான் ஓட்டத்துக்கே ஆயத்தமானதை அறிவீர்கள். அதன் தூரம் 42.195 கிலோமீட்டர். நம் வாலிபர் ஐக்கியத்துச் சகோதரர் ஒருவர்தான் என்னைப் பழக்குவித்தார். ஒரு சனிக்கிழமை விடியற்காலம் அவர் சொன்னார்: “பாஸ்டர், இன்னைக்கு 12 கிலோமீட்டர். முதல் நாலை, கிலோமீட்டருக்கு 7 நிமிஷமா ஓடுங்க. அடுத்த நாலு ஆறரை நிமிஷம். கடைசி நாலு 6 நிமிஷம். முதல் நாலுல பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும். மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

மெதுவாய் ஓடுவது எனக்கு வெட்கமாயிருந்தது. முதல் கிலோமீட்டரையே ஐந்தரை நிமிஷத்தில் ஓடிவிட்டேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் கால்கள் கல்லாய்ப் போயின. நடந்தேன். பால் வாங்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டியம்மா என்னைத் தாண்டிப் போனார்கள்! சகோதரர் சிரிக்கவில்லை. “ஆரம்பத்துல ஓடினது நீங்க இல்ல பாஸ்டர், உங்க உற்சாகம். அது தீர்ந்துபோச்சு” என்றார்.

தசைகளில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து கொஞ்சம்தான். எடுத்தவுடன் வேகமெடுத்தால் அது சீக்கிரம் எரிந்துபோகும். 30 கிலோமீட்டருக்கு மேல் அநேகர் திடீரென்று பெலனற்று நின்றுபோவது இதனால்தான். நிதானமாய்த் தொடங்கினால் உடம்பு கொழுப்பையும் எரித்து, அந்தச் சத்தைக் கடைசிக்கு மீதம் வைக்கும். 2023-ல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி அன்றைய உலக சாதனை படைத்தார். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை அவர் ஏறக்குறைய ஒரு நிமிஷம் சீக்கிரமாய் முடித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன். வெளிப்படுத்தின விசேஷம் 2-ம் அதிகாரம். எபேசு, நன்றாய்த் தொடங்கிய சபை. ஆனால் ஆதி அன்பை விட்டுவிட்டது (2:4). தியத்தீராவிலும் குறைகள் இருந்தன, ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆனாலும் எபேசுவுக்குக் கிடைக்காத ஒரு சாட்சி அதற்குக் கிடைத்தது: ஆரம்பத்தில் செய்ததைக் காட்டிலும் இப்போது செய்வது மிகுதி (2:19).

அந்த வசனம் என் இருதயத்தைக் குத்திற்று. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நடுராத்திரி கூப்பிட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இன்றைக்கு? சில மாதங்களுக்கு முன் நம் சபைத் தாயார் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். போனில் ஒரு ஜெபத்தை அனுப்பிவிட்டு, நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். நான் போனபோது கட்டில் காலி. அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். “பாஸ்டர் வந்துட்டாரா?” என்று ரெண்டு தரம் கேட்டார்களாம். பிரியமானவர்களே, நான் எபேசுவாயிருந்தேன். ஆண்டவர் சமுகத்தில் அழுது அறிக்கையிட்டேன்.

உபவாசக் கூட்டம் முடிந்த வாரம் நாம் எல்லாரும் நாலு மணிக்கு எழும்புகிறோம். மூன்றாம் வாரம் அலாரம் மட்டும்தான் எழும்புகிறது! கற்பாறை நிலத்தில் விழுந்த விதையும் சீக்கிரமாய்த்தான் முளைத்தது. வேர் இல்லாததால் வெயிலுக்கு நிற்கவில்லை (மத்தேயு 13). ஆகவே பெரிய பொருத்தனை வேண்டாம். இந்த மாதம் 15 நிமிஷம் ஜெபியுங்கள், ஒரு நாளும் தவறாமல். அடுத்த மாதம் 20 நிமிஷம். இந்த மாதம் வியாதிப்பட்ட ஒருவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த மாதம் ரெண்டு பேரை.

“எனக்கு வயசாயிடுச்சு பாஸ்டர்” என்கிறீர்களா? காலேப் மலைநாட்டைக் கேட்டபோது வயது 85. தன்னை அதுவரை உயிரோடே காத்தவர் கர்த்தர் என்றே அவன் சாட்சி சொன்னான் (யோசுவா 14:10-12). அவர் இன்றும் ஜீவிக்கிறார். அல்லேலூயா!

மாரத்தானையும் கர்த்தர் கிருபையால் நடக்காமல் ஓடி முடித்தேன். இப்போதும் சனிக்கிழமை ஓடுகிறேன். ஓட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.

ஆண்டவரே, எங்கள் தொடக்கத்தைவிட எங்கள் முடிவு உமக்குப் பிரியமாயிருக்கக் கிருபை தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்