கண்மாய்க் கரையில் ஜீவகாருண்யம்

அறுவடை முடிந்து, கோடை வெயிலில் கண்மாய் நீர் முழங்கால் மட்டத்துக்கு வற்றியதும், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களின் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவதை அப்பக்கத்தார் யாவரும் அறிவர். பேரன் பேத்திகளும் சம்பந்தி வீட்டாருமாகக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறார்கள். முதல் நாள் இரவே கரைமேட்டில் ஜமக்காளம் விரித்துத் தங்கிவிடுவோரும் உண்டு. விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கரையிலுள்ள தெய்வத்தை வணங்கி வெள்ளைத் துண்டை வீச, அதுவரை நீரில் கால் வையாமல் காத்திருந்த கூட்டம், ஊத்தா, கச்சா முதலிய மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக ஒரே சமயத்தில் இறங்குகிறது. பிடித்த மீனை விலைக்கு விற்பதில்லை. குழம்பு வைத்து உண்பதும், வர இயலாத உற்றாருக்குக் கொடுத்தனுப்புவதுமே வழக்கம். இவ்விழா குறைவின்றி நடந்தால் மழை பெய்து கண்மாய் மீண்டும் பெருகும் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை.

உயிரைப் போக்கும் ஒரு காரியத்தைத் தெய்வ வழிபாட்டோடு தொடங்குவது தகுமா என்பதும், துடிக்கும் மீனைக் கண்டு கைகொட்டி ஆரவாரிக்கும் குழந்தையின் உள்ளத்தில் ஜீவகாருண்யம் எவ்வாறு வேரூன்றும் என்பதும் எளிதில் தள்ளிவிடத்தக்க வினாக்கள் அல்ல. புலால் உண்போரை ஒரே வார்த்தையில் பாபிகள் என்று ஒதுக்குவதாலோ, எல்லாம் இயற்கை நியதி என்று கூறிக் கை கழுவுவதாலோ இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது.

அறங்களுள் கொல்லாமையை முதலாவதாகவும், பொய்யாமையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தவர் திருவள்ளுவர். அத்தகையவர், புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களையும் இல்லறவியலில் வையாது துறவறவியலில் வைத்தது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அன்புடைமை இல்லறத்தானுக்கும், அருளுடைமை துறவிக்கும் உரியவையாக அந்நூலில் முறைப்படுத்தப்பட்டுள்ளன. இதனால் கிருகஸ்தனுக்குக் கொலை செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று கொள்வது பெரும் பிழை. மனைவி மக்களிடத்தும் சுற்றத்தாரிடத்தும் பழகிய அன்பே, தொடர்பில்லாத உயிர்களையும் தழுவும் அருளாக முதிர வேண்டும் என்பதே அம்முறைவைப்பின் கருத்து. ஆகவே ஒரு குடும்பம் கண்மாய்க் கரையில் கூடியிருக்கும் பொழுது நாம் கேட்கவேண்டிய கேள்வி, அவர்கள் துறவியரைப் போல் நடந்தார்களா என்பதன்று. அவர்களது அன்பு சிறிதேனும் அருளை நோக்கி நகர்ந்ததா என்பதேயாம்.

அவ்வாறு நகர இடமுண்டு என்பதற்கு நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரே சான்று. பரதவர் குலத் தலைவராகிய அவர், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். மீன்வளம் குன்றி நாளொன்றுக்கு ஒரே மீன் கிடைத்த காலத்திலும், சுற்றம் பசியால் வாட, அதையும் விட்டார். முடிவில் இரத்தினம் இழைத்த பொன்மீன் அகப்பட்டபோதும் அவர் கை தயங்கவில்லை. தொழிலைத் துறந்த பின்னரே அடியாராகலாம் என்று எவரும் அவருக்கு நிபந்தனை விதிக்கவில்லை. சேக்கிழார் பெருமான் போற்றியது, பிடிக்கத் தெரிந்த கை விடவும் தெரிந்திருந்த மேன்மையையே. மகாபாரதத்தில் கௌசிகன் என்ற அந்தணனுக்கு அறம் உரைக்கும் தர்மவியாதனும் மிதிலையில் இறைச்சி விற்று வாழ்ந்தவனே. ஏர் உழுபவனும் மண்ணிலுள்ள எண்ணற்ற உயிர்களை மாய்க்கிறான் என்று அவன் கூறியது, ஹிம்சை முற்றிலும் கலவாத வாழ்க்கை மனிதனுக்கு அரிது என்ற உண்மையை உணர்த்துவதற்காகவேயன்றி, ஹிம்சைக்கு நியாயம் கற்பிப்பதற்காக அன்று.

இனி, பசிக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காகவே தூண்டிலிடும் வழக்கம் ஒன்று உண்டு. மீனை முள்ளில் மாட்டி, களைத்து ஓயும்வரை நீரில் இழுத்து ஆட்டி, பின்னர் விட்டுவிடுவதால் அது கருணை என்றும் சொல்லப்படுகிறது. நாயனார் விட்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு. முன்னது தமக்கு வேண்டியதைத் தியாகம் செய்தது, பின்னது தமக்கு வேண்டாததை வதைத்த பின் எறிந்தது. மீனின் வாய்ப்புறத்துக்கு நோவு தெரியாது என்ற பழைய சமாதானமும் இன்று நிற்பதற்கில்லை. 2003-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானிகள், ட்ரௌட் மீனின் முகத்திலும் தலையிலும் ஊறுபாட்டை அறியும் நரம்புகள் இருப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். வால்டன் ஏரிக்கரையில் 1845 முதல் 1847 வரை குடிலமைத்து வாழ்ந்த அமெரிக்க அறிஞர் தோரோ, தாமே மீன் பிடித்தவராயினும், அவ்வாறு செய்யுந்தோறும் தம் சுயமதிப்பு சிறிது தாழ்வதை உணர்ந்ததாக 1854-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சிறுவன் காட்டையும் நீரையும் அறிவதற்கு வேட்டை முதல் வாயிலாகலாம். வளர்ந்தவன் அவ்வாயிலிலேயே நின்றுவிடலாகாது என்பது அவர் கொள்கை.

மீனுக்கும் பாசமும் நோவும் உண்டு என்பதை, விரால் மீனை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நீரின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாகத் திரிய, தாயும் தந்தையும் அவற்றின் கீழே காவல் நிற்கும். நெருங்கும் எதன்மீதும் பாய்ந்து கடிக்கும். அப்பாய்ச்சலை அறிந்தே அவ்விடத்தில் தூண்டிலைப் போடுவோர் உண்டு. பெற்ற பாசத்தையே பொறியாக்கும் அச்செயலைத் தம் மக்களின் கண்ணெதிரே செய்யும் தகப்பன், அவர்களுக்கு என்ன கல்வி புகட்டுகிறான்? மேலும், குடத்தில் போட்ட கெண்டை விரைவில் அடங்கிவிட, காற்றையே சுவாசிக்க வல்ல விரால் நெடுநேரம் செவுள் விரிந்து சுருங்கப் புரண்டுகொண்டிருக்கும். அப்போது குழந்தை, அதற்கு வலிக்காதா என்று கேட்கும். அக்கேள்வியை அதட்டி அடக்குவதைக் காட்டிலும் பெரிய அதர்மம் அக்கரையில் வேறொன்றில்லை.

கோடையில் வற்றும் கண்மாயில், விலை பேசாமல், ஊர் கூடி, ஒரு நாள் மட்டும் பிடிக்கும் திருவிழாவில் நம் முன்னோர் ஆசைக்கு வரம்பு கட்டியிருப்பதைக் காண்கிறேன். ஆதலால் அதை அதர்மம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரம்பு அங்கேயே முடிந்துவிடக் கூடாது. குடும்பத்தோடு நீர்நிலைக்குச் செல்லும் அன்பர்களே, வீட்டுக் குழம்புக்கு வேண்டிய அளவே பிடியுங்கள். பொடிமீனையும், குஞ்சு காக்கும் விராலையும் நீரிலேயே விட்டுவிடுங்கள். பிடித்ததைத் துடிக்கவிடாது உடனே கொல்லுங்கள். வேடிக்கைக்காக ஓர் உயிரையும் முள்ளில் மாட்டாதீர்கள். குழந்தை கேட்கும் கேள்விக்கு, வலிக்கும் என்ற உண்மையையே விடையாகச் சொல்லுங்கள்.