அடைத்தவன் கடன்

காட்டில் திரியும் சிறுத்தையின் குடலிலும் புழு உண்டு. ஆனால் அது ஓரிடத்தில் மலங்கழித்துவிட்டுப் பல மைல் கடந்து போய்விடுகிறது. கூண்டுச் சிறுத்தையோ தன் மலம் விழுந்த தரையிலேயே உண்கிறது, உறங்குகிறது, அத்தரையில் தோய்ந்த பாதத்தை நக்குகிறது. பெண் வட்டப்புழு ஒன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தடித்த ஓடுடைய அம்முட்டைகள் ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில வகை ஆண்டுக்கணக்கிலும் அழியாதிருக்கும். புழுவைக் கூண்டு படைக்கவில்லை, பெருக்குவது கூண்டே.

அவ்வாறாயின், அடைபட்ட உயிருக்குச் செய்யும் மருத்துவம் கருணையா, கடனா?

தெகிவளை மிருகக்காட்சிச்சாலை 1936ஆம் ஆண்டிலே அரசின் பொறுப்பாயிற்று. இத்தகைய இடங்களில் ஊனுண்ணிகளைக் காக்கும் முறைகளை விலங்கு மருத்துவம் தெளிவாக வகுத்துள்ளது. மலத்தை உப்பு அல்லது சீனிக் கரைசலில் கலக்கினால் புழுமுட்டைகள் மேலே மிதந்து வரும். நுணுக்குக்காட்டியில் அவற்றைக் காணலாம். முட்டைகள் எல்லா நாளும் வெளிப்படுவதில்லையாதலால் ஒருமுறைச் சோதனை போதாது. புதிதாய் வந்த விலங்கைத் தனியே வைத்துச் சோதித்தல் வேண்டும். புழுவைச் சுமந்துவரும் எலிகளை அணுகவிடலாகாது. மருந்து கொடுத்தபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

தரையைப் பற்றிய சிக்கல் இவை யாவற்றினும் பெரிது. சீமெந்துத் தரையைக் கழுவுவது எளிது. ஆனால் அது சிறுத்தையின் இயல்பைக் கொல்கிறது. மண்ணும் புல்லும் அதன் இயல்புக்கு இசைந்தவை. ஆனால் அவை முட்டைகளையும் காத்து வைக்கின்றன. செலவுக்கு அஞ்சுபவன் சீமெந்தைத் தேர்வான். கடனை உணர்ந்தவன் மண்ணைக் கொடுத்து, அதைத் தூய்மையாய் வைக்கும் உழைப்பையும் ஏற்பான். விலகிச் செல்லும் வழியைப் பறித்தவன், விலகியிருந்தால் கிடைத்திருக்கும் நலத்தைத் திருப்பித் தரவேண்டியவன் அல்லவா?

"மனிதப் பிள்ளைகளின் வயிற்றிலே புழு இருக்கையில் சிறுத்தையின் வயிற்றைச் சோதிப்பதா?" என்று நண்பர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2009ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டப்பகுதிப் பாடசாலைகளில் நடந்த ஆய்வொன்று, பத்தாண்டுகள் பூச்சி மருந்து கொடுக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ 29 சதவீத மாணவரிடம் குடற்புழுத் தொற்று இருந்ததைக் காட்டியது.

இதன் வேர் பழையது. 1916ஆம் ஆண்டளவில் ரொக்பெல்லர் அறநிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. இரத்தம் குன்றிய தொழிலாளியின் கை தளரும். கை தளர்ந்தால் கொழுந்து குறையும். ஆதலால் மருந்தைத் துரைமார் விரும்பினர். மலசலகூடம் கட்டும் செலவையோ விரும்பவில்லை. மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர். புழுவும் மீண்டும் ஏறியது.

மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. தொழிலாளி சங்கம் அமைப்பான், உரிமை கேட்பான், சிறுத்தைக்கு அவ்வழியில்லை. ஆயினும் இரண்டிடத்தும் பொறுப்புடையோரை அளக்கும் கோல் ஒன்றே. மருந்தை மட்டும் கொடுப்பவன் தன் உடைமையின் பயனைக் காக்கிறான். தரையை மாற்றுபவனே உயிரைக் காக்கிறான். ஆதலால் சிறுத்தைக்குத் தூய தரை கேட்பதும், லயத்துக் குழந்தைக்குத் தூய நீரும் மலசலகூடமும் கேட்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கோரிக்கைகள் அல்ல. இரண்டையும் உரத்துக் கேட்போம்.