மாலுமியும் காற்றும்

கப்பலைச் செலுத்துவோனை நாம் மாலுமி என்கிறோம். அரபியில் இச்சொல்லின் மூலம் 'முஅல்லிம்' என்பது. அதற்குக் கற்பிப்பவர், ஆசிரியர் என்று பொருள். வழி அறிந்தவரே வழி காட்டத் தக்கவர் என்று கருதிய கடலோடிகள், தம் கப்பலின் வழிகாட்டியையும் அப்பெயராலேயே அழைத்தனர். மாலுமியின் கையில் இருப்பது சுக்கான் ஒன்றே. காற்று அவன் கையில் இல்லை. ஆயினும் கப்பல் திசை தப்பினால் உலகம் காற்றைக் கேள்வி கேட்பதில்லை. மாலுமியைத்தான் கேட்கிறது. காற்றுக்குக் காதில்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அது நீதியாகுமா?

இக்கேள்வியை ஒரு விளையாட்டுக் களத்தில் வைத்துப் பார்ப்போம். விளையாட்டுத்தானே என்று வாசகர் இகழ வேண்டா. ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல், அவர் பணியை மதிப்பிடல், அவரை நீக்கல் ஆகிய மூன்றும் பல்லாயிரவர் கண்முன் நடைபெறும் இடம் அது. ஆதலின் அவற்றின் அறத்தையும் அங்கே தெளிவாகக் காணலாம்.

இங்கிலாந்தில் ஆடுவோரைத் தேர்ந்து, பயிற்றுவித்து, ஆட்டமுறையை வகுப்பவரைக் கழகத்தின் மேலாளர் என்பர். 1884இல் தோன்றிய லெஸ்டர் கால்பந்துக் கழகம், 2015 ஜூலையில் கிளாடியோ ரனியேரி என்னும் இத்தாலியரை மேலாளராக அமர்த்தியது. இருபது கழகங்கள் மோதும் முதற்பிரிவில் லெஸ்டர் வெல்லும் என்று நினைத்தோர் அரிது. அப்படி நடந்தால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகப் பந்தயக்காரர் அறிவித்திருந்தனர். நடந்தே விட்டது. 2016 மே மாதம் லெஸ்டர் தன் வரலாற்றில் முதன்முறையாக நாட்டின் முதல்வனாயிற்று. கழகம் அவருடைய ஒப்பந்தத்தை 2020 வரை நீட்டியது. 2017 ஜனவரியில் உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று பாராட்டியது.

அடுத்த மாதமே, பிப்ரவரி 23ஆம் நாள், அவர் நீக்கப்பட்டார். வாகை சூடி ஒன்பது திங்கள் ஆகியிருந்தது. அப்போது லெஸ்டர் 25 ஆட்டங்களில் 21 புள்ளிகளே பெற்றுப் பதினேழாம் இடத்தில் நின்றது. கடைசி மூன்று இடத்தினர் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவர். அப்பள்ளத்துக்கும் லெஸ்டருக்கும் இடைவெளி ஒரே புள்ளி. அந்த ஆண்டு பிறந்த பின் லீக் ஆட்டங்களில் அது ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

நன்றி கெட்ட செயல் என்று பலர் கொதித்தனர். அக்கொதிப்பில் நியாயமுண்டு. ஆயினும் மறுபக்கத்தையும் கேட்டே தீர்ப்புக் கூற வேண்டும். கழகம் ஒரு மனிதருடையதன்று. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் பெருவருவாய் போகும். அந்த இழப்பு உரிமையாளரோடு நில்லாது. அங்கே சிறு சம்பளத்தில் உழைப்பவரையும் சென்றடையும். பதவி என்பது பரிசன்று. நம் வழக்கில் சொன்னால் அது ஓர் அமானிதம். பிறர் நன்மைக்காக ஒருவர் கையில் வைக்கப்பட்ட பொருள். முன்பு செய்த நன்மைக்கு ஈடாக அதை அவர் கையிலேயே விட்டுவைத்தால், நம் கடனை அடுத்தவர் பணத்தில் அடைத்தவர் ஆவோம். நல்ல வைத்தியர் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டால், அவர் முன்பு பிழைக்க வைத்த உயிர்களை எண்ணி இன்றைய நோயாளியை அவரிடம் ஒப்படைக்கலாமா? ஆகவே நன்றி என்ற ஒன்றை மட்டும் காட்டி அந்நீக்கத்தைக் குற்றம் எனல் இயலாது.

பின் நடந்தது நீக்கியோருக்குச் சாதகமாகவே தோன்றியது. துணைப் பயிற்சியாளராயிருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். நான்கே நாளில் லெஸ்டர் 3–1 என்று லிவர்பூலை வென்றது. தொடர்ந்து வென்று, பருவ முடிவில் பன்னிரண்டாம் இடத்தில் நிலைத்தது. 'பார்த்தீர்களா, மாற்றம் பலித்தது!' என்றனர். ஆனால் அதே ஷேக்ஸ்பியர் 2017 ஜூனில் நிலையான மேலாளராக்கப்பட்டு, அக்டோபரில் நீக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள்தான். பிப்ரவரியில் கழகத்தைக் காத்தவர் அக்டோபரில் திறமையற்றவர் ஆகிவிட்டாரா?

நெதர்லாந்துக் கழகங்களைப் பற்றி 2003இல் பொருளியலார் இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. தொடர் தோல்வியால் மேலாளரை நீக்கிய கழகங்கள் மீண்டது உண்மை. ஆனால் அவ்வாறே சரிந்திருந்தும் நீக்காத கழகங்களும் அவற்றுக்குப் பின்தங்காமல் மீண்டன. காரணம் எளிது. அலை மிகத் தாழ்ந்த நேரத்தில்தான் மாலுமியை மாற்றுகிறார்கள். தாழ்ந்த அலை அடுத்து எழுவது இயல்பு. எழுச்சியின் புகழைப் புதியவர் பெறுகிறார். வீழ்ச்சியின் பழியைப் பழையவர் சுமக்கிறார்.

அங்ஙனமாயின் பொறுமைதான் வழியா? பொறுமையை நாடுவோர் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தைக் காட்டுவர். 1986 நவம்பரில் அங்குச் சேர்ந்த அலெக்ஸ் பெர்குசன் 1989–90 பருவத்தில் பதின்மூன்றாம் இடத்தையே பெற்றார். அவரை விரட்டுக என்ற கூக்குரல் மிகுந்தது. கழகம் அசையவில்லை. அப்பருவத்திலேயே அவர் எப்.ஏ. கோப்பையை வென்றார், 1993 முதல் 2013 வரை பதின்மூன்று முறை லீக் வாகை சூடினார். அழகான கதைதான். ஆனால் பொறுத்திருந்து மூழ்கியவரின் கதையை யார் சொல்கிறார்கள்? அதற்கும் லெஸ்டரே சான்று. பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2021இல் அக்கழகத்துக்கு முதல் எப்.ஏ. கோப்பையை ஈட்டித் தந்தார். 2022–23இல் சரிவு வந்தபோது கழகம் ஏப்ரல் வரை பொறுத்தது. பிறகே அவரை அகற்றியது. காலம் கடந்துவிட்டது, அப்பருவத்தோடு லெஸ்டர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று.

ஆகவே ஒரே கழகத்தில் அவசரமும் பலித்தது, பொறுமையும் பொய்த்தது. இன்னோரிடத்தில் பொறுமை பலித்தது. விளைவைக் கொண்டு முடிவின் நேர்மையை அளப்போர் நேற்றொரு தீர்ப்பும் இன்றொரு தீர்ப்பும் கூற நேரும். முடிவு எடுப்பவர் கையில் விளைவு இல்லை. அன்றைய அறிவும் நேர்மையுமே உள்ளன. அவற்றைக் கொண்டே அவரையும் அளக்க வேண்டும்.

அந்நேர்மைக்கு முதல் அடையாளம் புகழுக்கும் பழிக்கும் ஒரே தராசைப் பயன்படுத்துவது. 2016இன் வெற்றியை ரனியேரியின் திறமை என்று கொண்டாடியவர், ஒன்பது திங்களில் அத்திறமை எங்கே போயிற்று என்று விளக்கக் கடமைப்பட்டவர். அது பாதி நல்லூழ் என்பாராயின், 2017இன் தோல்வியிலும் பாதியைத் தீயூழுக்கு ஒதுக்க வேண்டும். வெற்றியில் அனைவருக்கும் பங்கு, தோல்வியில் ஒருவருக்கே பங்கு என்பது கணக்கன்று.

இரண்டாம் அடையாளம், நீதிபதி தம் கையையும் பார்த்துக்கொள்வது. வாகை சூடிய அணியின் நடுக்களத்தைத் தாங்கிய எங்கோலோ கான்டே 2016 கோடையில் செல்சி கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்த பருவத்தில் லீக் வாகை செல்சிக்கே கிடைத்தது. அவ்விடம் நிரம்பாமைக்கு மேலாளர் ஒருவரா பொறுப்பு? நிர்வாகத்துக்கும் ஆட்டக்காரருக்கும் அதில் பங்கில்லையா? உண்மை என்னவெனில், இருபத்தைந்து ஆட்டக்காரரை ஒரே நாளில் மாற்ற முடியாது. உரிமையாளர் தம்மைத் தாமே நீக்கிக்கொள்வதில்லை. எளிதில் மாற்றத் தக்கவர் ஒருவரே. எளிதில் மாற்றத் தக்கவர் என்பதும் குற்றவாளி என்பதும் ஒன்றல்ல.

இத்தொழிலில் இது புதிதன்று. 2004இல் இதே ரனியேரியை நீக்கிவிட்டுத்தான் செல்சி, ஜோசே மொரீனியோவை அமர்த்தியது. இரண்டாம் முறை வந்து 2015 மே மாதம் செல்சிக்கு லீக் வாகையைத் தந்த அந்த மொரீனியோவும் அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். அவர் கடைசியாகத் தோற்றது யாரிடம்? ரனியேரியின் லெஸ்டரிடம். நாற்காலி ஒன்று, அமர்வோர் பலர்.

மூன்றாம் அடையாளமே எனக்குத் தலையாயதாகத் தோன்றுகிறது. அது சொல் காத்தல். 2017 பிப்ரவரி 7இல் லெஸ்டர் கழகம் ரனியேரிக்கு அசையாத ஆதரவு உண்டென்று வெளிப்படையாக அறிவித்தது. பதினாறாம் நாள் அவரை அனுப்பியது. இடையில் தோல்விகள் நேர்ந்தன, உண்மை. ஆனால் இரண்டொரு தோல்வியில் அசையும் ஆதரவை அசையாதது என்று சொன்னது ஏன்? நீக்கும் உரிமை கழகத்துக்கு இருந்தது. நீக்கியதற்குத் தக்க காரணமும் இருந்திருக்கலாம். காப்பாற்றும் எண்ணம் உறுதிப்படாமலே வாக்களிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. 'இன்னும் இத்தனை ஆட்டம் பார்ப்போம். நிலை மாறாவிடில் பிரிவோம்' என்று அவரிடம் நேரில் சொல்லியிருந்தால், அதே முடிவு அறத்தோடு கூடியதாயிருக்கும்.

நன்றிக்கடன் செலுத்தப்படும் இடமும் இதுவே. பதவியால் அதைச் செலுத்தக் கூடாது என்றோம். செலுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. மெய் சொல்வதாலும், பழியைப் பங்கிட்டுக்கொள்வதாலும், போகிறவர் தலைநிமிர்ந்து போகும்படி வழியனுப்புவதாலும் அக்கடன் தீரும். இவற்றுக்குப் புள்ளிப் பட்டியல் தடையன்று; செலவும் இல்லை.

பள்ளிக்கூடம், சங்கம், கடை, குடும்பம் எதுவாயினும் ஒருவரை அமர்த்தவும் அகற்றவும் அதிகாரம் பெற்றவர் நம்மிலும் உண்டு. மாலுமியை மாற்ற நேரலாம். கப்பலில் இருப்போர் உயிர் பெரிது. அந்நேரத்தில் சுக்கானின் பிழை எது, காற்றின் வேலை எது என்று பிரித்தறிந்தோமா என நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பிரித்தறியாமல் மாற்றினால் புதிய மாலுமியும் அதே காற்றில்தான் போக வேண்டும். அவரையும் நாளை இறக்கிவிடும் கை நம்முடையதாகவே இருக்கும்.