அபாய மண்ணில் பிழைப்புத் தேடுதல்

பிழைப்பைத் தேடிப் பிறநாடு சென்றவன், அந்நாட்டில் பேராபத்தொன்று மூளும்போது என்ன செய்தல் வேண்டும்? தங்குவதா, திரும்புவதா? கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம் போல் தோன்றும் வினா இது. உயிர் இருந்தாலன்றோ பிழைப்பு என்பார் ஒருவர். உண்ட வீட்டைத் துன்ப நேரத்தில் விட்டு ஓடுபவன் நன்றி கெட்டவன் என்பார் மற்றொருவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், நாம் இங்கே பேச வந்த மனிதனை இவ்விரண்டும் சென்று தொடவில்லை. அவன் வேலையில் இருப்பவன் அல்லன். வேலை தேடிக் கொண்டிருப்பவன். விட்டு ஓடுவதற்கு அவனிடம் பணி இல்லை; கட்டிக்கொண்டு நிற்பதற்கும் பணி இல்லை. அந்த வீட்டில் அவன் இன்னும் உண்ணவே தொடங்கவில்லை.

கற்பனையாகப் பேசுவதைவிட நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதே நன்று. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகலில் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையை அடுத்து, 9.0 அளவுடைய நிலநடுக்கம் அந்நாட்டை உலுக்கியது. தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ 18,500 பேரைக் கொண்டு சென்றது. ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் அவசர காலத்திற்கென வைத்திருந்த மின்னாக்கிகள் வெள்ளத்தில் மூழ்கின. மின்சாரம் நின்றதும் உலைகளைக் குளிர்விக்கும் வழி அடைபட்டது. உலையை நிறுத்திவிட்டால் வெப்பமும் நின்றுவிடும் என்று நம்மைப் போன்றோர் எண்ணுவோம், அவ்வாறன்று. அணைத்த அடுப்பின் தணல் போல, நிறுத்திய பின்னரும் எரிபொருள் நாட்கணக்கில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று. 12ஆம் நாள் ஒரு கட்டடம், 14ஆம் நாள் மற்றொன்று, 15ஆம் நாள் இன்னுமொன்று என ஹைட்ரஜன் வாயு வெடித்தது. வெளியேற வேண்டிய வட்டம் முதலில் 3 கிலோமீட்டர் என்றார்கள். மறுநாள் காலை 10 ஆயிற்று. அன்று மாலையே 20 ஆயிற்று.

தலைநகராகிய தோக்கியோ அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. வேலை தேடி வந்த வெளிநாட்டார் பலர் அங்கே இருந்தனர். அவர்களுக்கு அது எத்தகைய மாதம் என்பதையும் வாசக நேயர்கள் அறிதல் வேண்டும். ஜப்பானில் பள்ளியாண்டும் நிதியாண்டும் ஏப்ரலில் பிறக்கின்றன. மார்ச்சில் ஒப்பந்தங்கள் முடிகின்றன. ஏப்ரலில் புதியோர் பணியேற்கின்றனர். ஆண்டு முழுவதும் எழுதிய விண்ணப்பங்களுக்குப் பலன் தெரியும் வேளை அது. அவ்வேளையில் நிறுவனங்கள் நேர்முகத் தேர்வுகளைத் தள்ளி வைத்தன, மின்சாரம் முறைவைத்து நிறுத்தப்பட்டது, இரயில்கள் குறைந்தன. கையில் இருந்த சேமிப்போ நாளுக்கு நாள் கரைந்து கொண்டிருந்தது.

இத்துடன் சட்டத்தின் பிடி ஒன்றும் உண்டு. அந்நாட்டில் தங்கும் அனுமதி, செய்யும் தொழிலோடு பிணைக்கப்பட்டது. தகுந்த காரணமின்றி மூன்று மாதத்திற்கு மேல் அத்தொழிலைச் செய்யாதிருந்தால் அனுமதியை நீக்கிவிடலாம். படிப்பை முடித்து வேலை தேடுவோருக்கு ஆறு மாத அனுமதி, மேலும் ஒரு முறை நீட்டலாம், அவ்வளவே. அன்றியும், அக்காலத்தில் ஒருவர் நாட்டை விட்டுப் புறப்படுமுன் ‘மீள்நுழைவு அனுமதி’ பெற்றிருக்க வேண்டும். பெறாமல் போனால் தங்கும் உரிமை முற்றாக அற்றுவிடும். ஆகவே, வெடிப்புச் செய்தி வந்த நாட்களில் தோக்கியோவின் ஷினகாவா பகுதியிலுள்ள குடிவரவு அலுவலகத்தின் முன் வெளிநாட்டார் நெடிய வரிசையில் காத்து நின்றனர்.

அந்த வரிசையைப் பற்றி நாம் பலகால் சிந்தித்ததுண்டு. அஞ்சி ஓடுபவன் வரிசையில் நிற்பானோ? அங்கு நின்றவர்கள் போவதற்காக மட்டும் நிற்கவில்லை. திரும்பி வருவதற்காகவே நின்றார்கள். காற்றில் என்ன வருகிறதென்று தெரியாத நாளில், திறந்த வெளியில் மணிக்கணக்காகக் கால் கடுக்க நின்று, திரும்பி வரும் உரிமையை விலை கொடுத்து வாங்கினார்கள். இவர்களைக் கோழைகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆனால், உலகம் அவ்வாறு முடித்துவிடத் தயங்கவில்லை. ஜப்பானிய மொழியில் அந்நியனுக்குக் ‘கைஜின்’ என்று பெயர். அதனோடு பறத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டி, ‘ஃபிளைஜின்’ என்றொரு கேலிப் பெயரை உண்டாக்கினார்கள். இதில் வியப்பு என்னவெனில், அப்பெயரை உற்சாகமாக வழங்கியவர்களுள் தங்கிவிட்ட வெளிநாட்டாரும் பலர்! தம் உறுதிக்குச் சான்று வேண்டியவர்கள் பிறரது அச்சத்தில் அதைத் தேடினார்கள் போலும்.

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் எவர் சொல்லை நம்புவது? ஜப்பானிய அரசு 20 கிலோமீட்டர் என்றது. அதற்கு அப்பால் 30 வரை உள்ளோர் வீட்டினுள்ளே இருக்கச் சொன்னது. அமெரிக்கா தன் மக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. பிரான்சோ, அவசியமில்லாதோர் தோக்கியோ வட்டாரத்தையே விட்டு விலகுமாறு கூறிவிட்டது. ஜெர்மனி தன் தூதரகப் பணியை ஒஸாக்காவுக்கு மாற்றிக்கொண்டது. காற்று ஒன்று, அளவுகோல் நான்கு. மார்ச் 23ஆம் நாள் தோக்கியோக் குடிநீரில் கதிரியக்க அயோடின் ஒரு கிலோவுக்கு 210 பெக்கெரல் காணப்பட்டதாக அறிவித்தார்கள். பெரியோர் பருக 300 வரை தடையில்லை; கைக்குழந்தைக்கு 100தான் எல்லை. ஒரே வீட்டில், ஒரே குழாயில் வரும் நீர் தந்தைக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது! மொழி தெரியாத ஒருவன் இதனை எப்படி விளங்கிக் கொள்வான்?

அறிஞர்கள் மாறுபடும்போது பாமரன் யாரைப் பின்பற்றுவது என்பது ஃபிக்ஹுக் கலையில் பழைய விவாதம். தன் விருப்பத்துக்கு எளிதானதைச் சொல்பவரைத் தேர்ந்தெடுக்கலாகாது; அறிவிலும் பேணுதலிலும் எவர் மிக்கவர் என்று தன் மனம் நம்புகிறதோ அவரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே பலர் கொண்ட முடிவு. வேலை தேடுபவனுக்குத் தான் இச்சோதனை மிகக் கடுமையானது. தங்கினால் வேலை கிடைக்கும் என்று ஆசை சொல்கிறது. ஆகவே ஆபத்தில்லை என்பவர் சொல் இனிக்கிறது. ஊரிலிருந்து தாய் அழைத்துக் கதறுகிறாள். ஆகவே ஆபத்து என்பவர் சொல் பெரிதாகிறது. இரண்டுக்கும் கதிரியக்க அளவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தாக்குண்ட ஊரைப் பற்றிப் பேசும்போது, ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடம் வரை சென்று திரும்பிய வரலாறு நம்மவர் நினைவுக்கு வராமல் இராது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்ட கலீஃபா, தோழர்களிடம் கலந்து பேசித் திரும்பத் தீர்மானித்தார்கள். விதியிலிருந்து விலகி ஓடுவதாகுமோ என்று அபூ உபைதா (ரலி) வினவ, ஒரு கரை பசுமையும் மறு கரை வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கு மேய்த்தாலும் அது விதியின்படியே அன்றோ என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி கூறினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம். உள்ளே இருந்தால் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் அப்போது எடுத்துரைக்கப்பட்டது. உமர் திரும்பினார்கள். அபூ உபைதா தம் படையோடு இருந்து அம்வாஸ் கொள்ளைநோயில் உயிர் துறந்தார்கள். இருவரில் எவரையும் குறை கூறுவாரில்லை. ஒருவர் வெளியில் இருந்தவர். மற்றவர் உள்ளே, ஒரு படையின் பொறுப்பைத் தோளில் சுமந்து இருந்தவர்.

இதைக் காட்டி, தோக்கியோவை விட்டுச் சென்றது தவறு என்று வாதிட முடியுமா? கியாஸ் என்னும் ஒப்புநோக்கில் ‘இல்லத்’ எனப்படும் அடிப்படைக் காரணம் பொருந்த வேண்டும். கொள்ளைநோய் ஊரிலிருந்து ஓடுபவன் நோயைப் பிற ஊருக்கும் சுமந்து செல்லக்கூடும். தோக்கியோவிலிருந்து விமானம் ஏறியவன் யாருக்கு எதைச் சுமந்து சென்றான்? ஒன்றுமில்லை. எனவே அந்தக் காரணம் இங்கே நிற்காது. ஆனால், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தவக்குலைப் பற்றி எழுதுமிடத்து மற்றொரு காரணத்தையும் சுட்டியிருக்கிறார்கள்: உடல்நலம் உள்ளோர் அனைவரும் வெளியேறிவிட்டால் நோயாளிகளைக் கவனிக்க ஆளிராது என்பது. இது நிற்கும். இங்கேதான் அமானத் வருகிறது. மருத்துவமனையில் பணி செய்யும் தாதி, வகுப்பு நடத்தும் ஆசிரியர், முதியோர் இல்லத்தில் உணவூட்டுபவர் — இவர்கள் கையில் மற்றொருவரின் உயிரோ உரிமையோ ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் அது குறைதான். மாற்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனால் குறையில்லை.

வேலை தேடுபவனோ உடலால் உள்ளே இருக்கிறான். உடன்படிக்கையால் வெளியே இருக்கிறான். அவன் கையில் யாருடைய அமானத்தும் இல்லை. ஊரில் காத்திருக்கும் பெற்றோர், மனைவி, கடன் கொடுத்தவர் ஆகியோரின் உரிமையே அவன் மீதுள்ளது. உயிரோடு திரும்புவதும் அவர்கள் உரிமை. வெறுங்கையோடு திரும்பாமலிருப்பதும் அவர்கள் எதிர்பார்ப்பு. ஆகவே, அவன் போனாலும் நாம் பழிக்க மாட்டோம். இருந்தாலும் பேராசைக்காரன் என்று சொல்ல மாட்டோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த டொனால்ட் கீன் என்னும் அமெரிக்க அறிஞர், அந்தப் பேரிடருக்குப் பின் தாம் ஜப்பானியராகவே வாழப் போவதாக அறிவித்து, 2012இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். அவருக்கு அப்போது வயது 89. போற்றத்தக்க செயல். ஆனால், அந்த முதியவரின் அன்பை அளவுகோலாக்கி, வாடகைக்கு வழியின்றி நின்ற இருபத்தைந்து வயது இளைஞனை அளப்பது நீதியாகாது.

சென்றவர்கள் விட்டுப்போன இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்ற ஐயமும் சிலருக்கு எழக்கூடும். பிறர் அச்சத்தில் நாம் ஆதாயம் தேடுவதோ என்ற கூச்சம் நல்ல மனத்தின் அடையாளமே. ஆயினும், காலியான வகுப்பறையில் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர்; அவர்களுக்குக் கற்பிக்க ஒருவர் வேண்டும். சென்றவர் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றிருந்தாலன்றி, இதில் தடையொன்றும் நமக்குத் தெரியவில்லை.

உண்மையான பாவம் வேறோரிடத்தில் இருக்கிறது. விற்கும் பொருளில் உள்ள ஐபை, அதாவது குறையை, மறைத்து விற்பவனை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. கூலி ஒப்பந்தமும் அத்தகையதே. செய்ய வேண்டிய வேலை இன்னதென்று தெரியாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் பழுதுபட்டது என்பது சட்ட நூல்களின் பொதுக் கருத்து. 2018இல் ஒரு செய்தி வெளிப்பட்டது. தொழிற்பயிற்சி என்ற பெயரில் ஜப்பானுக்கு வந்த வியட்நாம் நாட்டு இளைஞர் ஒருவர், கட்டட வேலை என்று சொல்லி அழைக்கப்பட்டு, ஃபுகுஷிமாப் பகுதியில் கதிரியக்கம் படிந்த மண்ணை அகற்றும் பணியில் இறக்கப்பட்டிருந்தார். அது என்ன வேலை என்பதே அவருக்கு முன்னர்ச் சொல்லப்படவில்லை. இத்தகைய பணி பயிற்சித் திட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாது என்று அரசு பிறகு தெரிவித்தது. 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கெனப் புதிய விசா முறை வந்தபோது, அணுமின் நிலையத்தை உடைத்தகற்றும் பணியிலும் அவர்களைச் சேர்க்கலாம் என்று தோக்கியோ மின்சார நிறுவனம் கருதியது. மொழி தெரியாதோர் பாதுகாப்பு விதிகளை எப்படி அறிவார் என்ற கவலை எழுந்து, தொழிலாளர் அமைச்சகம் எச்சரிக்கவே, மே மாதத்தில் அதனை நிறுத்தி வைத்தது.

அறிந்து ஏற்பவன் வேறு. அறியாமல் இறக்கப்படுபவன் வேறு. 2011 மார்ச்சில், அவசரப் பணியாளர் ஏற்கக்கூடிய கதிரியக்க அளவை 100 மில்லிசீவர்ட்டிலிருந்து 250 ஆக உயர்த்தினார்கள். அது தெரிந்தும் உலைக்குள் சென்ற ஜப்பானியத் தொழிலாளரின் துணிவுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால், பசித்தவனிடம் அபாயத்தை மறைத்துக் கூலி பேசி, அவன் சம்மதித்தான் என்று சொல்லுவது சம்மதம் ஆகாது. தங்குவதா போவதா என்று அந்த ஏழையைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், அவனிடம் உண்மையைச் சொன்னாயா என்று முதலாளியைக் கேட்டோமா?

பிற்பாடு வந்த கணக்குகளையும் சொல்லிவிட வேண்டும். தோக்கியோவில் இருந்தோர் பெற்ற கதிரியக்கம் மிகச் சிறியது என்று தெரிந்தது. ஃபுகுஷிமா மக்களிடையேகூடக் கதிரியக்கத்தால் விளைந்ததென்று பிரித்தறியத்தக்க உடல்நலக் கேட்டைக் காணவில்லை என்று ஐக்கிய நாடுகளின் அறிவியற்குழு கூறியது. மாறாக, அவசர அவசரமாக இடம் பெயர்க்கப்பட்ட நோயாளிகளும் முதியோரும் வழியிலும் முகாம்களிலும் இறந்தனர். இதைக் கொண்டு, தங்கியவர்களே அறிவாளிகள் என்று சிலர் நெஞ்சு நிமிர்த்துவர். அஃது எப்படி? மார்ச் 15ஆம் நாள் இக்கணக்கு எவர் கையிலும் இருக்கவில்லை. அன்று கையில் இருந்த அறிவைக் கொண்டே அன்றைய முடிவை எடை போட வேண்டும். காற்று கடலை நோக்கி வீசிய நாட்கள் மனிதனின் அறிவால் வந்தவை அல்ல.

ஷினகாவா வரிசையைப் பற்றிச் சொன்னோம். 2012 ஜூலையில் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். தங்கும் உரிமை உள்ளவர் ஓராண்டுக்குள் திரும்புவதாயின் இப்போது முன்னனுமதிக்காக நிற்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலேயே ஒரு படிவத்தில் குறித்துவிட்டுப் போகலாம். மூன்று மாத விதி மட்டும் அப்படியே இருக்கிறது.